வலது காலில் ஒன்பது கிலோ

மேல் பிரிவு, பலாங்கொடை
2025 செப்டம்பர் 7, ஞாயிறு

மதுஷா அப்பாவுக்கு,

கடிதம் என்றால் முதல் வரியில் நாங்கள் இங்கே சுகம் என்று எழுத வேண்டும். அந்த வரியை இந்தத் தடவை கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். மதுஷா சுகம். கணக்கில் எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். கோழிகள் நாலும் சுகம். புதுத் தகரம் போட்ட பிறகு அடுப்பங்கரை ஒழுகவில்லை. ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும் இன்றைக்கு ஒன்றாக வந்ததில் ஒரு லீவு நட்டமாகிப் போயிற்று. நட்டமான லீவில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் என்னால் பொய்தான் சொல்ல முடிகிறது. எப்படி இருக்கே என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் நல்லா இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போன மாதம் வீடியோவில் புதுத் தகரத்தைக் காட்டச் சொன்னீர்கள். சார்ஜ் இல்லை என்று வெட்டினேன். சார்ஜ் எழுபது இருந்தது. எழுந்து அடுப்பங்கரை வரைக்கும் நடந்தால் போன் ஆடும், ஆட்டத்திலேயே நான் நொண்டுவது தெரிந்துவிடும். அதனால்தான் வெட்டினேன்.

ஹலீம் வருகிற வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். உங்களோடு ஒரே கேம்பில் இருக்கிறவர், கையிலேயே கொடுப்பார். பார்சலில் கருவாட்டுச் சம்பலும் தேயிலைத்தூளும் இருக்கும். சம்பலை முதலில் தின்றுவிட்டு இதைப் படியுங்கள்.

விஷயத்தை நேரே சொல்கிறேன். என் வலது கணுக்கால் கெட்டுப் போய்விட்டது. அடுத்த மாதம் இருபத்தோராம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியில் என்னை வார்டில் சேர்க்கிறார்கள். கணுக்காலைத் திறந்து, எலும்போடு எலும்பைச் சேர்த்து, ஸ்குரு போட்டுப் பூட்டிவிடுவார்களாம். பூட்டினால் வலி போகும். ஆனால் பாதம் மேலும் கீழும் அசையாது, மலையில் ஏறித் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது. பூட்டாமல் விட்டால் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் சமதரையில் நடக்கவும் கம்பு வேண்டும் என்றார் டாக்டர். எழுதிவிட்டேன். அரிசி முடிந்துவிட்டது என்று எழுதுகிற மாதிரித்தான் இருந்தது.

இது எப்போது வந்தது என்று கேட்டால் இரண்டு வருஷம். வைகாசி மழையில் ஏழாம் நம்பர் மலையில் தண்ணீர் போகிற கானுக்குள் சறுக்கி விழுந்தேனே, உங்களிடம் லேசான சுளுக்கு என்று சொன்னேனே, அதுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பும் பேண்டேஜும் கொடுத்தார்கள். மாமா எங்கேயோ போய் சுளுக்கு எண்ணெய் வாங்கி வந்தார். நாலாம் நாள் மலைக்குப் போய்விட்டேன். உள்ளே ஒரு எலும்பில் வெடிப்பு இருந்திருக்கிறது. அது கோணலாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கோணலின் மேல் இரண்டு வருஷமாகக் கூடையும் நானும் நின்றிருக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். பக்கத்து வீட்டுக் கோகிலாவுக்கு மட்டும்தான் தெரியும். சரிவில் கொழுந்து எடுக்கும்போது பாரம் முழுவதும் பள்ளத்துப் பக்கம் இருக்கிற காலில்தான் விழும், உங்களுக்குச் சொல்லவா வேண்டும். மலை எனக்கு வலது பக்கம் இருந்தால் பாரம் இடது காலுக்குப் போகும், வலது காலுக்குச் சுகம். அதனால் நான் ஒரு பக்கமாகவே நிரை பிடித்தேன். எல்லோரும் நிரை முடிந்ததும் அப்படியே திரும்பி அடுத்த நிரையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் கொழுந்தே எடுக்காமல் நடந்து முதல் முனைக்கு வந்து, மறுபடி மலையை வலது பக்கம் வைத்துத் தொடங்குவேன். அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு, மலையைச் சுத்திச் சாமி கும்பிடுது என்று பெட்டைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினெட்டுக் கிலோ எடுக்கிற இடத்தில் பதினொன்று, பன்னிரண்டு. பாதி நாள் அரைப்பேர்தான், அரைச் சம்பளம்தான் விழுந்தது.

இந்த வருஷம் மாசி மாதம் கங்காணியிடம் பிள்ளைக்காம்பராவில் வேலை தரச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சமதரை வேலைதானே. டாக்டர் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார். கிளினிக் டாக்டர், முன்பு அங்கே படுக்க வைத்து எடுத்து பைலிலேயே வைத்திருந்த பழைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இதில் மூட்டு நடுவில் இடைவெளி நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் படுத்து எடுத்த படத்தை நம்ப முடியாது, நின்றபடி ஒன்று எடுத்து வா என்று அனுப்பினார். கால் மேல் பாரம் இறங்கும்போதுதான் எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு உட்காருகின்றன என்று தெரியுமாம். அந்த இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்களாம்.

நகரத்தில் ஓர் இடத்தில் எடுத்தேன். சின்னப் பெட்டி மாதிரி ஒரு மேடை, அதில் ஏறி நிற்க வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. படம் எடுக்கிறவர் பர தாலா ஹிட்டகன்ன என்றார். பாரத்தைப் போட்டு நில்லு என்கிறார் என்று நன்றாகத் தெரியும், நான் சிங்களம் பேசாத நாளா. ஆனால் நான் எப்படி நின்றேன் தெரியுமா? பிரட்டுக்களத்தில் நிற்கிற மாதிரி நின்றேன். காலையில் வேலைக்குப் பேர் போடும்போது எவளாவது நொண்டிக் காட்டுவாளா? காட்டினால் நல்ல நிரை கிடைக்குமா? நல்ல காலில் ஊன்றி, நோகிற காலைச் சும்மா தரையில் தொட வைத்து, முகத்தை ஒன்றுமில்லாத மாதிரி வைத்துக்கொள்வோம். யாராவது எதிரே நின்று என்னைப் பார்த்தாலே என் உடம்பு அப்படித்தான் நிற்கும். கம்பியை வேறு இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

படம் அழகாக வந்தது. டாக்டர் கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளி வைத்துக் கோடு போட்டு அளந்தார். மூன்று மில்லிமீட்டர். இவ்வளவு இருந்தால் குறையில்லை, வழக்கமான வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் கொடுத்த படத்தைத்தானே அவர் அளந்தார். அந்தத் துண்டைக் கங்காணியிடம் கொடுத்தேன். அதோடு பிள்ளைக்காம்பரா போயிற்று. அடுத்த நாள் ஏழாம் நம்பர் மலை. இன்னும் ஆறு மாதம் அதே காலில் நின்றேன். இப்போது யோசித்தால் தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று எனக்கே பிடிபடவில்லை.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தகவலுக்காக எழுதுகிறேன். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், காலைத் தரையில் ஊன்றக்கூடாதாம். கோகிலா பார்த்துக்கொள்வாள், மதுஷா தண்ணீர் பிடிப்பாள். மாமா போனபோதே, பெற்ற அப்பாவின் சாவுக்கே, உங்களுக்கு லீவு தரவில்லை, இதற்கா தரப் போகிறார்கள். ஜனவரியில் ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதைப் பாருங்கள்.

மதுஷா கூப்பிடுகிறாள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 10, புதன்

நேற்று பின்னேரம் ஹலீம் வந்திருந்தார், பார்சல் எவ்வளவு எடை வரும் என்று கேட்க. பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் நீளம். மாமாவின் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அப்பா போன அன்னைக்கு அண்ணன் ரூமுக்குள்ளயே இருந்தாரு அக்கா, நாங்கதான் சோறு கொண்டுபோய் வச்சோம் என்றார். பாவம், லீவு தராதவனுங்க நல்லா இருப்பானுங்களா என்று நான் சொன்னேன். அவர் யோசிக்காமல், அண்ணன் லீவே கேக்கலையே அக்கா, சாவுக்குக் கேட்டவங்களுக்கெல்லாம் பத்து நாள் குடுத்தானுங்க என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிளேன்டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. சீனி போதுமா என்றும் கேட்டேன். அவர் போன பிறகு கோப்பையைக் கழுவி வைத்தேன், கோழியை அடைத்தேன், மதுஷாவுக்குத் தலை பின்னினேன். இப்போது கோபம் வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மரத்துப் போன காலில் முள் குத்தினால் குத்தியது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருந்தது.

போன கார்த்திகையில் மாமாவைத் தூக்கும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. விஜயகலாவுக்குக் கல்நெஞ்சு என்று லயத்தில் அத்தனை வீடும் பேசியது. மகன் ஊரில் இல்லாத வீட்டில் மருமகளாவது ஒப்பாரி வைக்க வேண்டாமா என்றார்கள். உங்களுக்கு வீடியோவில் காட்டுவதற்காகக் கோகிலாதான் போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். படம் நின்று நின்று வந்தது என்றீர்கள். கொள்ளி வைத்தது உங்கள் சித்தப்பா மகன். வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன், அவரு எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாரு, கம்பெனிக்காரன் விடல என்று. பதினாறு நாளும் சொன்னேன்.

சரி. காலைப் பற்றி மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் இதுவும் சொல்ல வரும்.

ஆவணி தொடக்கத்தில் கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் உள்ளே அழுந்திப் போயிற்று. கோகிலா அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு என்னைக் கைத்தாங்கலாகப் பேருந்தில் ஏற்றி இரத்தினபுரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், மாசி மாதத்துப் படத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். இந்தப் படமும் இந்தக் காலும் ஒருத்தியுடையதுதானா என்று கேட்டார். மறுபடி நின்றபடி எடுக்கச் சொல்லி எழுதினார்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவள் நம்ம பிள்ளை, பெயர் கிருஷ்ணகுமாரி, ரக்வானைப் பக்கம். அவளுடைய அம்மாவும் கொழுந்துக்காரிதானாம். நான் மேடையில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றேன். அவள் படம் எடுக்கவில்லை. என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். வெளியே போய் இரண்டு தராசு கொண்டுவந்தாள், கிளினிக்கில் ஆட்களை நிறுத்தி நிறுக்கிற தராசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலை ஒவ்வொன்றில் வைக்கச் சொன்னாள். குனிந்து பார்த்தாள். உங்க எடை அம்பத்திரண்டு அக்கா, வலது காலுல ஒம்பதுதான் காட்டுது, மிச்சத்த எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தராசடியில் நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். சாக்குக்கு இவ்வளவு கழிவு, மழைத் தண்ணீருக்கு இவ்வளவு கழிவு என்று எங்கள் கொழுந்தில் கை வைத்தால் விடுவேனா? கணக்கப்பிள்ளையோடு எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறேன், ஒரு கிலோவுக்காக. தராசில் கள்ளம் பண்ணுகிறவன் விளங்கமாட்டான் என்று மண் வாரித் தூற்றியிருக்கிறேன். கடைசியில் என் எடையில் நானே பதினேழு கிலோ களவாண்டு நிற்கிறேன். நல்ல கூத்து.

இரண்டு காலிலும் இருபத்தாறு இருபத்தாறு வரவேண்டும் என்றாள். முயன்றேன். பதினான்கு வந்தது. இன்னும் என்றாள். பதினெட்டு. அதற்கு மேல் போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து, கம்பிய விடுங்க அக்கா, அதப் புடிச்சிருக்கிற வரைக்கும் பாரம் எறங்காது என்றாள். விட்டால் விழுந்துவிடுவேன் என்றேன். விழுந்தா நான் புடிக்கிறேன், இங்க யாரும் பேர் போடல என்றாள். அந்தச் சொல்லை அவள் எங்கே கற்றாள்? அவள் அம்மாவிடம்தான் கற்றிருப்பாள்.

விட்டேன். இருபத்தைந்து காட்டியது. அவள் எனக்கு ஈயக் கவசத்தைக் கட்டிவிட்டு, அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடினாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. ஐயோ அம்மா என்று நான் கத்தவில்லை. சாமியையும் கூப்பிடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன். பேரைச் சொல்லி.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். ஒரு தடவை உங்கள் பேரைச் சொல்லியிருப்பேனா? ஆஸ்பத்திரித் துண்டில் கணவன் பெயர் என்று கேட்டால்கூட மதுஷாவைத்தான் சொல்லச் சொல்வேன், இல்லாவிட்டால் கோகிலா சொல்வாள். அன்றைக்கு அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சுரேந்திரன் என்று கத்தினேன். அதோடு நின்றேனா, அதற்குப் பின்னால் இரண்டு கெட்ட வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன், மதுஷா இந்தக் கடிதத்தை ஒட்டித் தருவாள்.

படம் எடுத்து முடிந்ததும் கிருஷ்ணகுமாரி வந்து என்னைப் பிடித்து இறக்கினாள். யாரு அக்கா அந்த சுரேந்திரன், இந்தப் பாட்டு வாங்குறாரு என்று சிரித்தாள். கட்டினவரு என்றேன். எங்க இருக்காரு என்றாள். டோஹாவில் என்றேன். அவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. காலுக்கு ஐஸ் வைத்தாள். வெளியில் உட்கார்ந்திருந்த கோகிலாவுக்கும் கேட்டிருக்கிறது.

டாக்டர் அளந்தார். ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர். மற்றப் பக்கத்தில் புள்ளி வைக்க இடமே இல்லை. எலும்பு எலும்பில் உட்கார்ந்திருக்கிறது, நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்து போயிற்று என்று கம்ப்யூட்டரில் விரலை வைத்துக் காட்டினார். மாசி மாதத்திலேயே இப்படி நின்று எடுத்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம், இப்போது பூட்டுவதுதான் என்றார். சரிங்க என்றேன். வேற ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ஒன்றுமில்லைங்க என்றேன். தேதி போட்டுக் கொடுத்தார்.

மதுஷா இரண்டு படத்தையும் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா இதுல நடுவுல கறுப்பாக் கோடு ஓடுது, இதுல கோடே இல்லையே, ரெண்டும் ஒங்க காலா என்று கேட்டாள். ஆமாம், ஒன்று பொய் சொன்ன கால் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று பின்னேரம் ஹலீம் பார்சலை எடுக்க வருவார். கோகிலா சம்பல் இடித்துத் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதை மறுபடி படித்தேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், தகவலுக்காக எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். கிழித்துப் போட நினைத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் மாசி மாதத்துப் படம் மாதிரித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதியது.

நீங்கள் ஏன் லீவு கேட்கவில்லை என்று இரண்டு நாளாக யோசித்தேன். டிக்கெட் செலவுக்காக என்று முதலில் நினைத்தேன். இல்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கப் பயந்துவிட்டீர்கள் போல இருக்கிறது. தூரத்தில் இருந்தால் அப்பா இன்னும் இருக்கிற மாதிரியே வைத்துக்கொள்ளலாம். நின்றால்தானே பாரம் இறங்கும். அறைக்குள் இருந்துகொண்டு, ஹலீம் வைத்த சோற்றைத் தின்னாமல், எனக்குப் போன் பண்ணி கம்பெனி விடவில்லை என்றீர்கள். நான் நல்லா இருக்கேன் என்றேன். நீங்களும் நல்லா இருக்கேன் என்றீர்கள். நீங்கள் போனதிலிருந்து நாலு வருஷமாக இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. எனக்காக இல்லை, மாமாவுக்காக. கடைசி நாளிலும் வாசலில் பைக் சத்தம் கேட்டால் சுரேனா என்று கேட்டார். இதை நான் உங்களிடம் சொல்லவேண்டாம் என்று வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

இன்னொன்று. வார்டில் சேர வரும்போது இரண்டு படத்தையும் கட்டாயம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவாராம். எனக்குக் கொடுத்தது இந்த இரண்டும்தான், என்னிடம் வேறு பிரதி கிடையாது. அதை நான் இங்கே வைத்துக்கொள்ளவில்லை. இந்தப் பார்சலில், பழைய கலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஹலீமுக்கு அது என்னவென்று தெரியாது. கோகிலாவுக்குத் தெரியும். பைத்தியமாடி உனக்கு, தேதிக்கு அது வரலைன்னா காலை என்ன பண்ணுவே என்று அரை மணி நேரம் ஏசினாள். ஏசட்டும். பிறகு அவளேதான் நூலை இறுக்கிக் கட்டினாள்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்புக் கோடு இருப்பது நான் உங்களோடு போனில் பேசின கால். கோடு இல்லாதது என் கால்.

பார்த்த பிறகு லீவு கேளுங்கள். கேட்டால் தருவார்கள் என்று ஹலீம் சொன்னார். தராவிட்டால், தரவில்லை என்று எனக்குச் சொல்லுங்கள், நான் நம்புவேன். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். படத்தைத் தபாலில் போட வேண்டாம். இன்னொருவர் கையில் கொடுத்துவிடவும் வேண்டாம். தீபாவளிக்கு முன்னால் வந்தால் மாமாவின் படத்துக்கு முன்னால் நீங்களே விளக்கு வைக்கலாம். மறுநாள் காலை ஆறே கால் பஸ். என்னால் அந்தப் படியில் தனியாக ஏற முடியாது.

முதல் வரியில் எழுதாமல் விட்டதை இன்னும் எழுதவில்லை. எழுதுவதாகவும் இல்லை. நாங்கள் இங்கே சுகமாக இல்லை. எனக்குக் கால் வலிக்கிறது. மதுஷா உங்களைக் கேட்டு நச்சரிப்பதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாத் தெய்வமும் உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலைக்குத் துண்டு கட்டுங்கள்.

கவரில் பேர் எழுத மதுஷாவைக் கூப்பிடவில்லை. நானே எழுதிவிட்டேன்.

அட்டை மடங்காமல், உங்கள் கையாலேயே கொண்டு வாங்க, சுரேந்திரன்.

உங்கள்
விஜயகலா